பொட்டு வைத்த சிடி

நீங்கள் எல்லாரும் பென்டிரைவ் காலத்துப் பிள்ளைகள். லினக்ஸ் போட வேண்டும் என்றால் விரல் நீளம்கூட இல்லாத ஒன்றைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். ஏறவில்லை என்றால் இன்னொன்றைச் செருகுகிறீர்கள். நான் அபிராமபுரத்தில் நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்த நாளில் எல்லாவற்றுக்கும் சிடிதான். அதற்காக, அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விட வரவில்லை. சிடியோடு மாரடித்தவர்கள் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

போன வாரம் நான் கடைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், பூட் ஆகலைன்னா முதல்ல எதைப் பாக்கணும்?" நல்ல கேள்வி. ஏதோ மழுப்பிவிட்டுக் கிளம்பினேன். நங்கநல்லூரில் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை அது உறுத்திக்கொண்டே வந்தது. கேபிளைப் பார், டிரைவைப் பார் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே ஒரு விஜயதசமிக் காலை ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், செல்போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள்.

கம்ப்யூட்டர் ஆரம்பிக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தால் பயப்படாதீர்கள். அது நேர்மையான பிழை. எங்கேயோ கரண்ட் வரவில்லை, எதுவோ சரியாக உட்காரவில்லை. லோகோ வந்து, எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு ஓடி, எல்லாம் நன்றாகப் போகிறது என்று நாம் பெருமையாகத் திரும்பிப் பார்க்கும்போது பாதியில் நிற்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். பாதியில் நின்றால் பழியை எங்கே போடுவது என்று தெரியாது. ஆளாளுக்குத் தங்களுக்கு ஏற்கெனவே பிடிக்காதது எதுவோ, அதன் தலையில் போட்டுவிடுவார்கள்.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஓர் அலுவலகம் தன் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது அவற்றை அந்தப் பள்ளிக்குக் கொடுத்திருந்தது. கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர் ஷாகிரா டீச்சர். தற்காலிக வேலை. முப்பதைத் தொடாத வயது, சன்னமான குரல். ஆனால் எந்தக் குழந்தையும் அவர் வகுப்பில் கொட்டாவி விட்டு நான் பார்த்ததில்லை. இந்தப் பழைய மெஷின்களுக்கு விண்டோஸைவிட லினக்ஸ்தான் பொருந்தும், அதில் பிள்ளைகள் உள்ளே நோண்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று தாளாளரிடம் வாதாடிச் சம்மதம் வாங்கியவர் அவர்தான். தாளாளர் கெட்டவர் இல்லை. பெயர் தெரியாத எதுவும் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். விஜயதசமி அன்று லேப் திறப்பது, லேப் நன்றாக நடந்தால் டீச்சரின் வேலையை நிரந்தரமாக்குவது என்று பேச்சு. டீச்சருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். தன் வீட்டில் வெளியே வேலைக்குப் போகும் முதல் பெண் தான்தான் என்றும், நிரந்தரமாகாவிட்டால் அண்ணன் கடையில் வந்து உட்காரச் சொல்லிவிடுவார்கள் என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வேலை நம் கடைக்கு வந்தது. நம் முதலாளியை உங்களில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. மயிலாப்பூர்க்காரர். வேலையில் அவரைப் போல நிதானமான ஆளை நான் பார்க்கவில்லை. ஸ்க்ரூவைக்கூடக் கோபமாகத் திருக மாட்டார். நான் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்துவிட்டு "இன்ஜினியர் வரலையாம்மா?" என்று வாசலை எட்டிப் பார்ப்பார்கள். கடைக்குப் போன் போட்டுக் கேட்டவர்களிடம் எல்லாம் "வந்தவாதான் இன்ஜினியர்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதற்காகவே நான் கடைசிவரை வேறு கடைக்குப் போகவில்லை.

ஆயுத பூஜைக்கு முன்னால் நான் பள்ளிக்குப் போய் முதல் வரிசை மெஷின்களில் லினக்ஸ் ஏற்றிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. டீச்சர் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து பார்த்தார். மீதியையும் முடித்துவிடலாம் என்றேன். முதலாளிதான் வேண்டாம் என்றார். நல்ல காரியம், நல்ல நாளில் தன் கையால் தொடங்கி வைக்கிறேன் என்றார். தாளாளருக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

நம் கடை பூஜை இப்போது பொரி கடலை, ஸ்வீட் பாக்ஸ், செல்ஃபி என்று ஆகிவிட்டது. அப்போது முதலாளி காலையிலிருந்து பட்டினி கிடப்பார். ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், குறடு எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். சிடிக்களும் நமக்கு ஆயுதம்தானே? லினக்ஸ் சிடியும் அதன் நகல்களும் பலகை ஏறின. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பொட்டு வைக்கப் போனபோது தடுத்தார்.

"படிக்கிற பக்கத்தைத் தொடாதேம்மா. ஒரு ரேகை பட்டாலும் போச்சு. இப்படித் திருப்பி வெச்சுண்டு, மேல் பக்கமா வை."

பேனாவால் பெயர் எழுதியிருந்த பக்கத்தில், பெயருக்கு நேர் மேலே, நெற்றியில் வைக்கிற மாதிரி அவரே ஒவ்வொன்றுக்கும் வைத்தார். எல்லா சிடியிலும் ஒரே இடத்தில், அச்சு வைத்த மாதிரி இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஈரச் சந்தனத்தோடு அவை அன்று முழுதும், இரவு முழுதும் பலகையில் கிடந்தன.

மறுநாள் காலை தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய். முதலாளியின் ஸ்கூட்டர் இரண்டு இடத்தில் வழுக்கப் பார்த்தது. பள்ளியில் மாவிலைத் தோரணம் கட்டி, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். சின்னக் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் எழுத வைப்பது ஒரு பக்கம் நடந்தது. அது முடிந்ததும் பெற்றோர்கள் லேபைப் பார்க்க வருவார்கள்.

லேபில் நான், டீச்சர், முதலாளி. அவர் சிடிக்களை எடுத்து, காய்ந்து ஒட்டியிருந்த பொட்டுகளை நகத்தால் பக்குவமாகச் சுரண்டி, வேட்டி நுனியால் துடைத்து, ஒன்றைத் தன் கையால் டிரைவில் வைத்தார். டீச்சரைப் பார்த்து, "நல்ல நாள்ல ஆரம்பிக்கறோம், நின்னே போகாது பாருங்கோ" என்றார். டீச்சர் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு சிரித்து வைத்தார். லோகோ வந்ததும் முதலாளி திருப்தியாக அடுத்த வாடிக்கையாளரின் பூஜைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் ஸ்கூட்டர் தெரு தாண்டியிருக்காது. கோடு பாதிவரை ஓடி நின்றது. திரை கறுத்து, ஒரே பிழை வரி வரியாக மேலே ஏறிக்கொண்டே போனது. டிரைவ் கர் கர் என்று தொண்டையைச் செருமியது. திரும்பத் தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது. பக்கத்து மெஷினில் போட்டேன், அங்கேயும் அதே கதைதான்.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, "மேடம், அந்த சிடி..." என்று இழுத்தார்.

"சிடி நல்ல சிடி டீச்சர். முந்தாநாள் இதே சிடிதானே ஓடிச்சு" என்று சொல்லிவிட்டு நான் மெஷினைக் கழற்ற உட்கார்ந்தேன்.

ஆனாலும் என் மனம் கேட்கவில்லை, சந்தேகத்துக்கு நகல் சிடி ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதுவும் சரியாக அதே இடத்தில் நின்றது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு வேறு சிடி ஒரே இடத்தில் நின்றால் யாருக்கும் என்ன தோன்றும்? சிடி இல்லை, மெஷின்தான் என்று தோன்றும். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னால் போதும் என்று நினைத்தேனே தவிர, இரண்டும் ஒரே பலகையிலிருந்து இறங்கி வந்தவை என்று நினைக்கவில்லை. போதாக்குறைக்கு, மூலையில் இருந்த ஒரு மெஷின் வெகுநேரம் முனகிவிட்டு எப்படியோ ஏறிவிட்டது. அதன் டிரைவ் கொஞ்சம் வலுவானது போலிருக்கிறது. அது ஏறியதும் சிடி நிரபராதி என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். மெமரியை மாற்றினேன், டிரைவை மாற்றினேன், திரை அமைப்பைக் குறைத்து ஏற்றிப் பார்த்தேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. அந்த மெஷின்களில் பென்டிரைவிலிருந்து ஏற்றும் வசதியும் கிடையாது.

பெற்றோர்கள் வராந்தாவில் கூடிவிட்டார்கள். லேபைத் திறந்து வைக்க வந்த பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளாளர் உள்ளே வந்து, முதல் வரிசை ஓடுகிறதே, மற்றதெல்லாம் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

"லினக்ஸ்தான் வேணும்னு நான்தான் சார் சொன்னேன்" என்றார் டீச்சர். நான் கடையின் பொறுப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன். அதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாஸ்கரை வரச் சொன்னார்கள். பள்ளிக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறவர் அவர்தான். அவரிடம் எல்லாரிடமும் இருக்கும் விண்டோஸ் சிடியின் நகல் ஒன்று இருந்தது. அதை நான் கழற்றிப் பூட்டிய அதே மெஷினில், அதே டிரைவில் போட்டார். நிற்காமல் ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? அந்தச் சிடிக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

"இன்னா மேடம், மெஷின் ஷோக்காத்தானே கீது" என்றார் பாஸ்கர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் டீச்சரை அங்கேயே முடித்துவிட்டது. மெஷின் சரி, டிரைவ் சரி என்றால் மிச்சம் இருப்பது லினக்ஸ்தானே என்று ஒரு குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும்.

விழாவைப் பிற்பகலுக்குத் தள்ளி வைத்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த முதல் வரிசையையும் அழித்துவிட்டு விண்டோஸ் ஏற்றச் சொன்னார் தாளாளர். பிள்ளைகளுக்காக அந்த மெஷின்களில் டீச்சர் படம் வரைகிற நிரல், கணக்கு விளையாட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வைத்திருந்தார். அவை போவதைக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. டூல் பேகை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

கடைக்குத் திரும்பியதும் அந்தச் சிடியை டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, ஆத்திரத்தில் உடைத்துப் போடத்தான் எடுத்தேன். பெயருக்கு மேலே, பொட்டு இருந்த இடத்தில், ஊசியால் குத்திய மாதிரி பொடிப் பொடியாக வெளிச்சம் வந்தது. நகலை எடுத்துப் பிடித்தேன். அதிலும் அதே இடத்தில் அதே வெளிச்சம்.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. சிடியில் மினுமினுக்கும் பக்கம் வெறும் தடித்த பிளாஸ்டிக். அதில் கீறல் விழுந்தால்கூடச் சமாளிக்கலாம். விஷயம் முழுக்க மேல் பக்கத்தில், நாம் பெயர் எழுதுகிற பூச்சுக்கு அடியில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் உண்டு. ஈரத்தோடு இரவெல்லாம் ஊறி, காலையில் நகத்தால் சுரண்டியதும் பூச்சோடு சேர்ந்து விஷயமும் பெயர்ந்து வந்துவிட்டது. படிக்கிற பக்கம் என்று நினைத்து ஒன்றைக் காப்பாற்றினார், உயிர் இருந்த பக்கத்தில் பொட்டு வைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான், ஆனால் என்னால் சிரிக்க முடியவில்லை.

முதலாளியிடம் காட்டினேன். சிடியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பொட்டு வெச்சது நான். சுரண்டினதும் நான்" என்றார். மறுநாளே தாளாளரிடம் போய், தப்பு லினக்ஸ் மேலும் இல்லை, டீச்சர் மேலும் இல்லை என்று சிடியைக் காட்டிச் சொன்னார். தாளாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, காப்பி கொடுத்து, இப்போதுதான் எல்லாம் ஓடுகிறதே, விடுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். லேபைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பாஸ்கருக்குப் போனது. அந்தக் கல்வி ஆண்டு முடிந்தபோது டீச்சரின் வேலையும் முடிந்தது. முதலாளி அதற்குப் பிறகு வந்த பூஜைகளில் சிடிக்களைப் பலகையில் வைப்பார், பொட்டு மட்டும் சிடியின் காலி டப்பாவுக்கு வைப்பார்.

நான் டீச்சரைப் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது என்று இருந்தது. பிறகு ஒருநாள் தி.நகரில், உஸ்மான் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், என் தங்கை பிள்ளைக்குப் பை வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கூட்டம் நெரிந்தது. பில் போடும் இடத்தில் ஷாகிரா டீச்சர் இருந்தார். அவர் சொன்ன அண்ணன் கடை அதுதான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஸ்டூல் எடுத்துப் போடச் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுற்றி வளைக்காமல் பொட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"தெரியுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. முதலாளி தாளாளரிடம் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"இல்லைங்க. உங்க சார் நகத்தால சுரண்டும்போது நான் பக்கத்துல தானே நின்னேன். சிடிக்கு மேல் பக்கம்தான் உயிரு, அதுல கீறக் கூடாதுன்னு கொஞ்ச நாள் முன்னாடிதான் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்திருந்தேன். சுரண்டாதீங்க சார்னு வாய் வரைக்கும் வந்திருச்சு."

"சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சாமிக்கு வெச்ச பொட்டுங்க அது. வேற யாராவது சொன்னா சிடியப் பத்தின பேச்சு. நான் சொன்னா பொட்டப் பத்தின பேச்சாயிடும். அப்புறம் உங்ககிட்ட ஒரு வாட்டி ஆரம்பிச்சேன். நீங்க நல்ல சிடின்னுட்டீங்க. கடைசியில எல்லாம் நின்னப்புறம் சொன்னா, தப்பிக்கப் பாக்கறேன்னு ஆயிருக்கும்." மேஜை மேல் கிடந்த பில்களை அடுக்கினார். "வேலை போனாலும் பேர் கெடக் கூடாதுன்னு அன்னிக்கு நினைச்சேன். இப்ப அப்படித் தோணல மேடம்."

நான் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த லேபில் விடை தெரிந்த ஒரே ஆள் காலை முழுவதும் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். நான் மெமரியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேடம், அந்த சிடி என்று இழுத்தபோது அந்த வாக்கியத்தை முடிக்கவிட்டிருந்தால் போதும். அரை மணி நேரத்தில் கடைக்குச் சொல்லி வேறு சிடி எழுதிக் கொண்டுவரச் செய்திருப்பேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாயே அம்மா, கேபிளையே பார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் பேச வந்து பாதியில் நிறுத்தினால், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பு. எதனால் நிறுத்தினார் என்பது அவருக்குத்தான் தெரியும், நீ கேட்டால்தான் சொல்வார்.

அன்று பில் போட டீச்சர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். திருப்பும்போது ஒரு கணம் எனக்குத் தெரிந்தது. கோபாலபுரத்தில் முதல் வரிசையில் இருந்த அதே முகப்பு, அதே நிறம். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"ஆமாங்க, நம்ம லினக்ஸ்தான். நானே போட்டேன்" என்றார். பில்லைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "முதல் தடவையே ஏறிடுச்சு."